பாஸ்வேர்டு பெட்டகத்தை எல்லா சாதனங்களிலும் சிங்க் செய்ய, தலைமேல் ஏறி உட்காராத வழி ஏதாவது உண்டா?

மழைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு மேலாளரைப் பயன்படுத்துகிறேன். பெட்டகம் என்பது ஒரே ஒரு கேடிபிஎக்ஸ் ஃபைல், அளவு சில நூறு கிலோபைட் தான் இருக்கும். லினக்ஸ் லேப்டாப், விண்டோஸ் டெஸ்க்டாப், ஆண்ட்ராய்டு போன் மூன்றும் என்னுடையவை. அப்புறம் என் கணவரின் ஐபோன், அதில் இருவருக்கும் பொதுவான சில கணக்குகள் தேவைப்படும்.

இதுவரை ஒரு பெரிய கிளவுட் நிறுவனத்தின் செயலியை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது செய்கிற அழிச்சாட்டியம் தாங்கவில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் எனக்கு முன்னால் அது எழுந்து நிற்கிறது, டெஸ்க்டாப் ஃபோல்டரையும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையும் நானே பார்த்துக்கொள்ளட்டுமா என்று வாரம் தவறாமல் கேட்கிறது, போனில் போட்டோவுக்கும் தொடர்புகளுக்கும் அனுமதி கொடு என்கிறது, நான் அணைத்து வைத்ததை எல்லாம் அப்டேட் வரும்போது மறுபடி போட்டுக்கொள்கிறது. ஒரு சின்ன ஃபைலை இங்கிருந்து அங்கே நகர்த்துவதற்கு இவ்வளவு பெரிய ஆளை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டுமா?

என் நிபந்தனைகள்: ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறக்க மாட்டேன், வீட்டில் சர்வர் வைத்துப் பராமரிக்கப் பொறுமை இல்லை. இரண்டு சாதனங்களில் ஒரே சமயம் மாற்றம் செய்துவிட்டால் ஒன்று காணாமல் போய்விடுமோ என்பதுதான் பெரிய பயம். பிட்வார்டன் என்ற இன்னொரு பாஸ்வேர்டு மேலாளருக்கு மாறிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மாற மனமில்லை, ஆனால் நல்ல காரணம் இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்.

முனையக்காரன்

நீங்கள் நகர்த்தப்போவது ஏற்கெனவே பூட்டிய ஃபைல். தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியப்போவதில்லை, அதனால் அவன் நல்லவனா கெட்டவனா என்பதைவிட, ஃபைலைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறானா, இரண்டு பிரதி மோதினால் ஒன்றைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடுகிறானா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் என் ஓட்டு, சாதனங்களுக்கிடையே ஃபைலை நேரடியாகச் சிங்க் செய்யும் சிங்திங்குக்கு. 2013இலிருந்து இருக்கிறது, மூலநிரல் திறந்தது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பிடமும் இல்லை. ஒரு சாதனத்தின் அடையாள எண்ணை இன்னொன்றில் கொடுக்கிறோம், இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் பேசிக்கொள்ளும்.

போர்ட் விஷயத்துக்கு வருவோம். நீங்களாக எதையும் திறக்க வேண்டாம், ஆனால் சிங்திங் தானாகவே ரவுட்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளப் பார்க்கும், அதற்கு அமைப்புகளில் 'நேட் டிராவர்சல்' என்று ஒரு டிக் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். அதன் பக்கத்திலேயே 'குளோபல் டிஸ்கவரி', 'ரிலேயிங்' என்று இன்னும் இரண்டு இருக்கும். அவற்றையும் எடுத்துவிட்டால் ஒரே வைஃபையில் இருக்கும்போது மட்டும் சிங்க் ஆகும், பெட்டகம் வீட்டை விட்டு வெளியே போகாது. ரிலேயை விட்டு வைத்தாலும் பெரிய ஆபத்து இல்லை, நடுவில் இருக்கும் ரிலே சர்வர் வழியாகப் போவது சாதனத்துக்குச் சாதனம் குறியாக்கம் ஆனதுதான். எனக்கு வீட்டு வைஃபை போதும், அதனால் மூன்றையும் அணைத்தே வைத்திருக்கிறேன்.

பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று: நடுவில் சர்வர் கிடையாது, ஆகவே இரண்டு சாதனங்களும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் மாற்றம் போய்ச் சேரும். லேப்டாப்பில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மூடிவைத்து, பிறகு டெஸ்க்டாப்பைத் திறந்தால் அங்கே பழையதுதான் இருக்கும். போன் எப்போதும் ஆனில் இருப்பதால் அதைத் தபால்காரராக வைத்துக்கொள்ளலாம், லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் ஒன்றையொன்று பார்க்காவிட்டாலும் இரண்டும் போனைப் பார்த்துக்கொள்ளும்.

மோதல் நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். எதுவும் அழியாது. பழைய நேரம் பதிந்த பிரதியின் பெயரை மாற்றி, 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல்லையும் தேதி, நேரம், மாற்றிய சாதனத்தின் குறியீடு ஆகியவற்றையும் ஒட்டி அதே ஃபோல்டரில் போட்டுவிடும். அந்தப் பிரதியும் மற்ற சாதனங்களுக்குச் சாதாரண ஃபைல் போலவே போய்ச் சேரும். நீங்கள் செய்ய வேண்டியது, கீபாஸ்எக்ஸ்சியில் உங்கள் வழக்கமான பெட்டகத்தைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் 'மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்' கொடுத்து, அந்தக் கான்ஃப்ளிக்ட் ஃபைலைக் காட்டி அதன் பாஸ்வேர்டை அடிப்பது. ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாள எண்ணும் கடைசியாக மாற்றிய நேரமும் ஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன, அதைப் பார்த்து இரண்டையும் சேர்த்துவிடும். சேர்ந்ததும் கான்ஃப்ளிக்ட் ஃபைலை அழித்துவிடலாம்.

ஆண்ட்ராய்டில் மட்டும் கொஞ்சம் கவனம். அதிகாரபூர்வ சிங்திங் செயலியை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் கடையில் சிங்திங்-ஃபோர்க் என்று தேட வேண்டும், யார் பராமரிக்கிறார்கள், கடைசியாக எப்போது வெளியிட்டார்கள் என்று ஒரு நடை பார்த்துவிட்டுப் போடுங்கள். பேட்டரி மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஆண்ட்ராய்டு அதைப் பின்னணியில் கொன்றுவிடும், அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு கொடுக்க மறக்காதீர்கள்.

செல்லாக்காசு

முனையக்காரன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திரும்பப் படியுங்கள். பின்னணியில் ஓடும் ஒரு செயலி வேண்டாம் என்று வந்தவரிடம் பின்னணியில் ஓடும் இன்னொரு செயலியைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். சிங்திங் யோக்கியமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் போனில் எல்லா ஃபைல்களையும் பார்க்கும் அனுமதியை அதுவும்தான் கேட்கிறது.

என் வழி வேறு. வெப்டாவ் (இணைய முகவரி வழியாக ஃபைலைத் திறந்து எழுதும் முறை) கொடுக்கும் சேமிப்பிடம் ஏதாவது ஒன்று, நெக்ஸ்ட்கிளவுட் கணக்கு இருந்தால் அது போதும், சில மின்னஞ்சல் சேவைகளும் கணக்கோடு சேர்த்தே இதைக் கொடுக்கின்றன. போனில் கீபாஸ்2ஆண்ட்ராய்டு. அதற்குள்ளேயே வெப்டாவ், எஸ்எஃப்டிபி இரண்டும் இருக்கின்றன, தனியாகக் கிளவுட் செயலி போட வேண்டிய வேலையே இல்லை. பெட்டகத்தைத் திறக்கும்போது இழுத்துக்கொள்ளும், சேமிக்கும்போது சர்வரில் உள்ளது இதற்குள் மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் இரண்டையும் சேர்த்து எழுதும். நெட் இல்லாவிட்டால் உள்ளூர்ப் பிரதியைத் திறக்கும். பெட்டகத்தைத் திறக்காத நேரத்தில் தன்பாட்டில் கிடக்கும்.

விண்டோஸில்தான் சிக்கல். கீபாஸ்எக்ஸ்சி கிளவுடோடு நேரடியாகப் பேசாது, டெவலப்பர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ப்ளோரரில் இருக்கும் வெப்டாவ் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது, அதை நம்பிப் புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். நான் விண்டோஸில் பழைய கீபாஸ் 2ஐயே வைத்திருக்கிறேன், கீபாஸ் திட்டமே 2003இல் டொமினிக் ரைக்கல் தொடங்கியது. பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் 'சிங்க்ரனைஸ்' என்று மெனுவிலேயே இருக்கிறது, வெப்டாவ் முகவரியைக் கொடுத்தால் நேரே போய்ச் சேர்த்துவிட்டு வரும். ஃபைல் அமைப்பு ஒன்றுதான் என்பதால் லினக்ஸில் கீபாஸ்எக்ஸ்சி, விண்டோஸில் கீபாஸ் என்று கலந்து வைத்தாலும் ஒன்றும் ஆகாது.

முனையக்காரன்

எல்லா ஃபைல் அனுமதி விஷயம் நியாயமான குத்து, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வழியில் பெட்டகம் வேறு யாருடைய டிஸ்கிலோ உட்கார்ந்திருக்கிறது, சேவை நின்றால் அன்றைக்கு சிங்க்கும் நின்றது. ஆளுக்கொரு தலைவலி.

அணில்வால்

ஐபோனை எல்லோரும் மறந்துவிட்டீர்கள், வழக்கம்போல. அங்கே சிங்திங்கை நம்ப முடியாது. மோபியஸ் சிங்க் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் பின்னணியில் தொடர்ந்து ஓட ஐஓஎஸ் விடாது, செயலியைத் திறந்து வைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். வீட்டுக்காரருக்கு அதைச் சொல்லிக்கொடுத்து அவர் தினமும் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

கேடிபிஎக்ஸ் திறக்கும் ஐபோன் செயலிகளான கீபாஸியம், ஸ்ட்ராங்பாக்ஸ் இரண்டுமே வெப்டாவை நேரடியாகத் திறக்கும். இரண்டில் எது என்றால் நான் கீபாஸியம் பக்கம், காரணம் ருசிதான், வேறொன்றும் இல்லை.

முக்கியமான ஒன்று, இதில் பலர் மாட்டிக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டெஸ்க்டாப்பில் உட்கார்ந்துகொண்டு பாதுகாப்பு அதிகமாகட்டும் என்று ஆர்கான்2 என்ற, பாஸ்வேர்டிலிருந்து சாவி உண்டாக்கும் கணக்கின் மெமரி அளவை 1 ஜிபி என்று ஏற்றி வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் ஜம்மென்று திறக்கும். ஐபோனில் செயலியைத் திறந்தால் அதிலும் திறந்துவிடலாம், ஆனால் சஃபாரியில் ஆட்டோஃபில் கொடுத்தால் படக்கென்று மூடிக்கொள்ளும், ஒரு பிழைச் செய்திகூட வராது. ஆட்டோஃபில் நீட்சிக்கு ஐஓஎஸ் கொடுக்கும் நினைவகம் அவ்வளவு குறைவு. கீபாஸ்எக்ஸ்சி தானாக வைக்கும் 64 எம்பியில் விட்டுவிடுங்கள், இன்னும் கெட்டியாக்க ஆசை இருந்தால் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், மெமரியில் கை வைக்க வேண்டாம்.

பொதுக் கணக்குகளுக்குத் தனியாக இரண்டாவது பெட்டகம் ஒன்று வையுங்கள். உங்கள் முழுப் பெட்டகமும் எதற்கு அவர் போனில்? அந்தச் சின்னப் பெட்டகத்தை மட்டும் வெப்டாவில் போட்டு, பெரியதைச் சிங்திங்கில் வைத்தால் மேலே சண்டை போடும் இருவருக்கும் மரியாதை செய்த மாதிரியும் ஆகும்.

பூட்டுச்சாவி

'ஏற்கெனவே பூட்டிய ஃபைல், யார் தூக்கினால் என்ன' என்ற முதல் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு சேவையில் நடந்தது நினைவிருக்கும். வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப் பிரதியைத் திருடர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன, ஆனால் தள முகவரிகள் அப்படியே வெளிப்படையாக இருந்தன, யார் எந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்பது பட்டியலாகக் கையில் கிடைத்த மாதிரி. கேடிபிஎக்ஸில் அந்தக் குறை இல்லை. தலைப்பு, முகவரி, குறிப்பு, இணைப்பு எல்லாமே உள்ளே பூட்டப்பட்டிருக்கும், வெளியே தெரிவது எந்தக் குறியாக்கம், ஆர்கான்2 அளவுகள் என்ன, சால்ட் (கணக்கில் கலக்கும் தற்செயல் எண்) என்ன என்பது போன்ற தலைப்பகுதித் தகவல்கள் மட்டுமே.

ஆனால் ஒருமுறை பிரதி வெளியே போனால் போனதுதான். எடுத்தவன் அவசரப்பட வேண்டியதில்லை, பத்து வருடம் கழித்துக்கூட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி உட்கார்ந்து உடைக்கலாம். நீங்கள் பிறகு மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினாலும் அவன் கையில் உள்ள பழைய பிரதி பழைய பாஸ்வேர்டில்தான் திறக்கும். இதையே நீங்கள் இதுவரை வைத்திருந்த கிளவுடுக்கும் பொருத்திப் பாருங்கள்: பலவீனமான பாஸ்வேர்டோடு இரண்டு வருடம் அந்த நிறுவனத்திடம் சிங்க் செய்திருந்தால், பழைய பதிப்புகள் அங்கே வரலாற்றில் எங்காவது கிடக்கலாம். ஆகவே மழைத்துளி அந்தச் செயலியை நீக்குவதோடு நிறுத்த வேண்டாம், பிரவுசரில் உள்ளே போய் ஃபைலையும் அதன் பழைய பதிப்புகளையும் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுங்கள். பாஸ்வேர்டு அப்போது சுமாராக இருந்தது என்றால் வங்கி, மின்னஞ்சல் மாதிரியான முக்கியக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளையே மாற்றுவது உத்தமம்.

இரண்டு காரியம் செய்தால் யார் தூக்கினாலும் கவலையில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். மாஸ்டர் பாஸ்வேர்டை டைஸ்வேர் முறையில் பகடை உருட்டி எடுங்கள். 7776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து 6 சொற்கள் என்றால் சுமார் 77 பிட் வலு வரும், அதை ஆர்கான்2வுக்குப் பின்னால் வைத்து உடைப்பது நடக்கிற காரியம் இல்லை. நீங்களாக யோசித்து எடுத்த 6 சொற்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, மாஸ்டர் பாஸ்வேர்டோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பெட்டகம் திறக்கும்படி ஒரு கீ ஃபைல் உருவாக்குங்கள். அதைச் சிங்க் ஆகும் ஃபோல்டரில் வைத்துவிடாதீர்கள், பூட்டையும் சாவியையும் ஒரே கூரியரில் அனுப்பிய கதை ஆகிவிடும். யுஎஸ்பி கேபிள் வழியாக ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒருமுறை நகல் எடுத்தால் போதும், அது மாறப்போவதில்லை. ஆனால் அந்தக் கீ ஃபைல் தொலைந்தால் பெட்டகமும் தொலைந்தது, ஒரு பென்டிரைவில் போட்டு வேறு இடத்தில் வைத்திருங்கள்.

வெட்டிப்பேச்சு

யாருமே பிட்வார்டன் பற்றிப் பதில் சொல்லவில்லையே. அதன் செயலிகளும் திறந்த மூலம்தான், தள முகவரி உட்பட எல்லாம் சாதனத்திலேயே குறியாக்கம் ஆகித்தான் சர்வருக்குப் போகிறது. முழு ஃபைலாக இல்லாமல் பதிவு பதிவாகச் சிங்க் ஆவதால் கான்ஃப்ளிக்ட் ஃபைல், மெர்ஜ் என்ற பேச்சே கிடையாது. குடும்பத்தோடு பகிர்வதற்கு அதுதான் சுலபம், ஐபோன் ஆட்களிடம் கொடுத்தால் கேள்வி கேட்காமல் பயன்படுத்துவார்கள்.

குறை என்றால், நெட் இல்லாதபோது பார்க்கலாம், புதிதாகச் சேர்க்கவோ திருத்தவோ முடியாது. சொந்த சர்வர் வேண்டும் என்பவர்கள் பிட்வார்டன் செயலிகளோடு பேசும் வால்ட்வார்டன் போடுவார்கள், ரஸ்ட் மொழியில் எழுதியது, சின்னக் கணினியிலேயே ஓடும். ஆனால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ், அப்டேட், டேட்டாபேஸ் பேக்கப் என்று எல்லாம் நம் தலையில். மழைத்துளிக்குத்தான் சர்வர் பராமரிக்கப் பொறுமை இல்லையாமே, அதனால் அந்த வழி அடைபட்டது. பிட்வார்டன் நிறுவனத்தின் சர்வரே போதும் என்றால் போகலாம். உங்களுக்கு இப்போது இருப்பது பிடித்திருக்கிறது என்றால் மாற நான் எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன்.

மழைத்துளி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அணில்வால் சொன்ன இரண்டு பெட்டக ஏற்பாட்டைச் செய்துவிட்டேன். பெரியது சிங்திங்கில், வீட்டு வைஃபை மட்டும். சின்னது வெப்டாவில், ஐபோனில் கீபாஸியம். கிளவுட் செயலியை நீக்கியாயிற்று, பழைய பதிப்புகளையும் அழித்தாயிற்று. மெமரி 64 எம்பியில்தான் இருந்தது, தப்பித்தேன்.

என் ஆண்ட்ராய்டு போனில் பெட்டகத்தைத் திறக்க கீபாஸ்டிஎக்ஸ் வைத்திருக்கிறேன், அது நெட் அனுமதியே கேட்பதில்லை என்பது பிடித்திருந்தது. இரண்டு சந்தேகம். தெரியாமல் லேப்டாப்பில் ஃபைலையே அழித்துவிட்டால் மற்ற இடங்களிலும் போய்விடுமா? அப்புறம், மெர்ஜ் செய்து பார்க்க வேண்டுமென்றே ஒரே பதிவை இரண்டு இடத்தில் மாற்றினேன், போனில் பாஸ்வேர்டை, லேப்டாப்பில் குறிப்பை. சேர்த்த பிறகு குறிப்பு புதிது, பாஸ்வேர்டு பழையது! இதைத்தானே முதலிலேயே பயந்தேன்?

முனையக்காரன்

முதல் சந்தேகத்துக்கு: போய்விடும். சிங்க் என்பது பேக்கப் ஆகாது, அழிப்பதையும் அதே விசுவாசத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். சிங்திங்கில் அந்த ஃபோல்டரின் அமைப்பில் 'ஃபைல் வெர்ஷனிங்' இருக்கிறது, 'ஸ்டாகர்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நுணுக்கம், அது வேறு சாதனத்திலிருந்து வரும் மாற்றங்களுக்குத்தான் பழைய பிரதியை எடுத்து வைக்கும், அதே சாதனத்தில் நீங்களே அழித்தால் அங்கே எதுவும் மிஞ்சாது. அதனால் லேப்டாப், டெஸ்க்டாப் இரண்டிலும் போட்டு வையுங்கள், ஒன்றில் அழித்தால் மற்றதில் இருக்கும். இதற்கு மேல் மாதம் ஒருமுறை பென்டிரைவில் ஒரு நகல்.

போனில் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை, பார்ப்பது மட்டும்தான் என்றால் கீபாஸ்டிஎக்ஸில் பெட்டகத்தை எழுத முடியாத முறையில் திறக்கலாம். மோதலில் பாதி அதோடு ஒழியும்.

இரண்டாவது சந்தேகத்தைப் பூட்டுச்சாவி இன்னும் நன்றாக விளக்குவார்.

பூட்டுச்சாவி

தொலையவில்லை, பயப்படாதீர்கள். மெர்ஜ் என்பது பதிவு மட்டத்தில் நடக்கிறது, கட்டம் மட்டத்தில் இல்லை. போனில் பாஸ்வேர்டை மாற்றியது முதலில், லேப்டாப்பில் குறிப்பை மாற்றியது பிறகு என்று நினைக்கிறேன். கடைசியாகத் தொட்ட பதிவு முழுசாக ஜெயிக்கும், தோற்ற பதிவும் முழுசாக அதன் வரலாற்றுக்குள் போகும். கீபாஸ்எக்ஸ்சியில் அந்தப் பதிவைத் திருத்தத் திறந்து இடது பக்கம் 'ஹிஸ்டரி'யை அழுத்துங்கள், போனில் வைத்த பாஸ்வேர்டோடு பழைய நிலை ஒன்று அங்கே இருக்கும். அதைத் திறந்து பாஸ்வேர்டை மட்டும் நகலெடுத்து இப்போதைய பதிவில் ஒட்டிவிடலாம். 'ரீஸ்டோர்' கொடுத்தால் முழுப் பதிவும் பின்னால் போய்விடும், அப்போது புதுக் குறிப்பைக் கையால் திரும்ப எழுத வேண்டும்.

எது கடைசி என்று முடிவு செய்வது அந்தந்தச் சாதனத்தின் கடிகாரம், ஆகவே எல்லாவற்றிலும் நேரம் தானாகச் சரியாகும்படி வைத்திருங்கள். வரலாறு என்பதும் எல்லையில்லாதது அல்ல, ஒரு பதிவுக்கு 10 பழைய நிலைகள் என்பதுதான் தொடக்க அமைப்பு, டேட்டாபேஸ் செட்டிங்ஸில் கூட்டிக்கொள்ளலாம். நான் 30 வைத்திருக்கிறேன், ஃபைல் அளவில் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை.